ஒன்பதாம் எண் மாணவி

எழுதிக் கொடுத்த வாக்கில் ஓர் எழுத்தைக்கூட மீறாமல் அந்த வாக்கை உடைக்க முடியுமா? நூற்றிருபது நாற்காலிகள் போட்ட ஓர் அரங்கில் ஒருத்தி அதைச் செய்தாள். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது, சின்ன விஷயங்களைத் தவறவிட வேண்டாம்.

செண்பகவல்லி கல்வியியல் துறையில் ஐந்து ஆண்டுகளாக முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்தாள். குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பெண்கள் அங்கே எப்படி வளர்கிறார்கள், எதையெல்லாம் மறைக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. தன் பல்கலைக்கழகத்திலேயே படித்த இருபத்திரண்டு மாணவிகளைத் தனித்தனியாகச் சந்தித்தாள். முதலில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவாள். அதன் பிறகுதான் பேச்சு தொடங்கும். படிவத்தில் ‘பெயர் வெளியிடப்படாது’ என்று அச்சிட்டிருந்தது. வாயால் இன்னொன்றும் சேர்த்துச் சொல்வாள்: “நீதான்னு ஒருத்தருக்கும் தெரியாதும்மா.”

அவளுடைய பட்டியலில் ஒன்பதாம் எண், முத்துப்பேச்சி. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பெண். இயற்பியல் இரண்டாம் ஆண்டு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க ஓர் அம்மாள் விடுதிக்கு வருவார். அவருக்கு எழுதத் தெரியாது. வாசலில் இருக்கும் பதிவேட்டை முத்துப்பேச்சியே நிரப்புவாள். ‘உறவு’ என்ற கட்டத்தில் ‘அத்தை’ என்று எழுதுவாள்.

அவளுடைய அறைத்தோழி ஜெசிந்தாவுக்கு அந்த அத்தை மேல் அவ்வளவு பிரியம்.

“ஏட்டி, உங்க அத்தை வந்தா என்னையும் கூப்பிடு.”

“கருப்பட்டி மிட்டாய்க்குத்தானே?”

“மிட்டாய்க்குப் பாதி. தலை வாரி விடுவாங்கல்லா, அதுக்குப் பாதி.”

ஜெசிந்தாவுக்குத் தாய் இல்லை.

வைவா நாள் வந்தது. வைவா என்றால் ஆய்வாளர் எல்லார் முன்னிலையிலும் தன் ஆய்வை விளக்கி, வெளியூர்த் தேர்வாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அரங்கு காலியாக இருந்தால் துறைக்கு அவமானம். பத்து மணிக்குப் பார்த்தால் முப்பது பேர்தான் இருந்தார்கள். நெறியாளர் அருளப்பன் பக்கத்துக் கட்டடத்துக்கு ஆள் அனுப்பி, வகுப்பில்லாத மாணவிகளை அழைத்துவரச் செய்தார். வருகைப்பதிவு உண்டு, லட்டும் மிக்சரும் உண்டு என்றதும் அரங்கு நிறைந்தது. இயற்பியல் இரண்டாம் ஆண்டு மொத்தமாக வந்து உட்கார்ந்தது. செண்பகவல்லி அக்காவுக்குக் கை தட்டலாம் என்று முத்துப்பேச்சியும் சந்தோஷமாகவே வந்தாள்.

பதினான்காவது படம் திரையில் விழுந்தது.

‘மாணவி 9. உப்பளத் தொழிலாளியின் மகள். இயற்பியல், இரண்டாம் ஆண்டு. “எங்க அம்மாவ அத்தைன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவங்க கால் வெடிப்பப் பாத்து யாரும் சிரிச்சிரக் கூடாதுன்னுதான். அவங்களும் சரின்னுட்டாங்க.”’

பெயர் இல்லை. ஆனால் அந்த வகுப்பில் உப்பளத்துப் பெண் ஒருத்திதான். முதலில் ஒரு தலை திரும்பியது. பிறகு வரிசை வரிசையாகத் திரும்பின. யாரோ, “ஐயோ, அந்த அத்தையா?” என்றாள். முத்துப்பேச்சி நாற்காலியின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மேடையில் செண்பகவல்லி அவளைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த தாள்கள் நழுவி விழுந்தன.

தேர்வாளர் ஹமீதா பேகம் நிமிர்ந்தார். “என்னம்மா ஆச்சு?”

அருளப்பன் முந்திக்கொண்டார். “ஒண்ணுமில்ல மேடம். எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கோம். ஃபைல்ல இருக்கு.”

செண்பகவல்லிக்கு அடுத்த வாரம் உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்முகம். இன்று வைவா முடிந்தால்தான் அதற்குப் போக முடியும். இருந்தும் ஒலிபெருக்கியில் சொன்னாள்: “சார், வேண்டாம். அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கா. தெரியாதுன்னு சொல்லித்தான் பேச வெச்சேன். இந்தப் பக்கத்தை எடுத்துட்டு மறுபடி சமர்ப்பிக்கிறேன். ஆறு மாசம் ஆனாலும் பரவாயில்ல.”

அப்போது முத்துப்பேச்சி எழுந்தாள். “எடுக்காதீங்கக்கா. ஒன்றரை வருஷமா எங்கம்மாவ நான் மறைச்சேன். இப்ப அந்தப் பக்கத்த எடுத்தா நீங்களும் மறைச்ச மாதிரி ஆகும்.”

நூற்றிருபது பேரும் அவளைப் பார்த்தார்கள், பிறகு திரையைப் பார்த்தார்கள், மறுபடி அவளைப் பார்த்தார்கள்.

ஜெசிந்தா எழுந்தாள். திட்டப் போகிறாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் ஒதுங்கினார்கள். முகம் வெளுத்திருந்தது. அவள் நேரே முன்னால் போய், புரொஜெக்டரின் வயரைப் பிடுங்கிவிட்டு, வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

“யாரும்மா அது? ஒழுங்கு இல்லாம!” என்றார் அருளப்பன்.

ஹமீதா பேகம் பத்து நிமிடம் காப்பி இடைவேளை விட்டார். லட்டை யாரும் தொடவில்லை.

படிவத்தைக் காட்டியவர், பட்டத்தை விடத் துணிந்தவள், உண்மையை ஒப்புக்கொண்டவள், வயரைப் பிடுங்கியவள். நால்வரில் அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்தவர் யார்?

விடை: ஜெசிந்தா. என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியும் முன்பே வாங்கிய கையெழுத்து, சொன்னதற்கெல்லாம் சம்மதம் ஆகாது. ஆகவே அருளப்பன் இல்லை. செண்பகவல்லியின் தியாகம் பெரிதுதான். ஆனால் ‘அந்தப் பொண்ணு இங்கதான் இருக்கா’ என்று மிச்சமிருந்த சந்தேகத்தையும் அவளே தீர்த்துவைத்தாள். முத்துப்பேச்சிக்குத் துணிச்சல் இருந்தது. ஆனால் அத்தனை கண்களுக்கு நடுவில் கொடுத்த அனுமதி அனுமதியா என்பது அவளுக்கே தெரியாது. இவர்கள் மூவரும் பேசி முடிக்கும்வரை அந்த வரிகள் திரையில் எரிந்துகொண்டே இருந்தன. அவற்றை அணைக்கத் தோன்றியது, அங்கே மிக அதிகமாக ஏமாற்றப்பட்டிருந்த ஒருத்திக்கு மட்டும்தான். பக்கத்தை வைப்பதா எடுப்பதா என்பதை முத்துப்பேச்சி ஒரு மாதம் கழித்து, தனியாக இருந்து சொல்லட்டும் என்று தேர்வாளர் எழுதிவிட்டுப் போனார். அதுவரை செண்பகவல்லிக்குப் பட்டம் இல்லை. அடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை ‘உறவு’ கட்டத்தின் முன் முத்துப்பேச்சியின் பேனா நின்றது. நான்கு வாரமாக அவளோடு பேசாத ஜெசிந்தா பின்னால் நின்று, “சீக்கிரம் எழுதுட்டி, அம்மா வெயில்ல நிக்காங்க” என்றாள்.