இரண்டு தாளில் ஒரு கையெழுத்து

கோயம்புத்தூரில் வீடியோ கேம் கம்பெனி நடத்திய தணிகாசலம், ஒரே விளையாட்டை ‘சூரியன்’, ‘சந்திரன்’ என்று இரண்டாக்கி விற்கக் கிளம்பினார். கோட்டைக் கதவு சூரியனில். அதன் சாவி சந்திரனில். ஆடி முடிக்க இரண்டையும் வாங்கித் தொலைக்க வேண்டும்.

விளையாட்டை ஆடிப் பார்த்துக் குறை சொல்வது பூங்கோதையின் வேலை. இந்தக் குறையைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆர்டர் கொடுக்கக் கடைக்காரர்கள் கூடியிருந்த அன்று தணிகாசலம் அவளை ஓரமாக அழைத்து இரண்டு தாள்களை நீட்டினார்.

“ஒவ்வொண்ணும் தனித்தனியா முழு விளையாட்டுன்னு எழுதியிருக்கு. ரெண்டுலயும் கையெழுத்துப் போடு, இல்லேன்னா வேலைய விட்டுப் போ.”

இரண்டிலும் போட்டுக் கொடுத்தாள். வாங்கிப் பார்த்தவர் கூட்டத்துக்கே கேட்கும்படி கத்தினார்.

“இனிஷியல் ஒரு தாள்ல, பேரு இன்னொரு தாள்ல. பாதிக் கையெழுத்த எவன் ஏத்துக்குவான்?”

“ரெண்டையும் சேத்து வெச்சா முழுசாயிருமுங்க சார், கதவு சூரியன்லயும் சாவி சந்திரன்லயும் இருக்கற மாதிரி.”

முன்வரிசைக் கடைக்காரர் ஒருவர் ஆர்டர் புத்தகத்தை மூடினார்.

“நீங்க சொல்றது சரிதானுங்க. பாதிய நாங்களும் ஏத்துக்க மாட்டோம். கதவையும் சாவியையும் ஒரே டப்பாவுல போட்டு, ஒரே விலை சொல்லுங்க.”