நரி கோழி வளர்த்த கதை

உப்பளத்தை ஒட்டிய கருவேலங்காட்டில் சடைச்சி என்றொரு பெண் நரி இருந்தது. அதற்கு இரண்டு குட்டிகள். போன வருஷம் மூன்று இருந்தன. ஐப்பசி அடைமழையில் காடெல்லாம் தண்ணீர் நின்றது. வேட்டைக்குப் போக வழியில்லை. கடைக்குட்டி பட்டினியிலேயே போய்விட்டது.

இந்த வருஷம் மழைக்கு முன்னாலேயே சடைச்சி ஒரு முடிவுக்கு வந்தது.

"ஓடி ஓடித் திருடினது போதும்! இனிமே கோழி வளர்க்கப் போறேன். மீனைக் கருவாடு போட்டு வைக்கப் போறேன். மழையிலயும் என் பிள்ளைங்க சாப்பிடணும்!"

மரத்தில் இருந்த காக்கை விழுந்து விழுந்து சிரித்தது. "நரி கோழி வளர்க்குதாம்! நாளைக்குப் பூனை பால் கறந்து ஊத்துமோ?"

சடைச்சிக்கு முகம் சுண்டிப் போனது. ஆனாலும் காட்டுக்கோழி அக்கா தங்கச்சியைத் தேடிப் போனது. பாவம், அதுகளுக்கு உடும்புத் தொல்லை. இட்ட முட்டையெல்லாம் உடும்பு வாய்க்கே போய்க்கொண்டிருந்தது.

"நான் காவல் இருக்கேன். உடும்பு கிட்டவே வராது. போடுற முட்டையில பாதி எனக்கு, பாதி உங்களுக்கு" என்றது சடைச்சி.

அக்காக் கோழி கொண்டையம்மா கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. "சரி, உன்கிட்ட இருந்து எங்களை யாரு காவல் காக்கிறது?"

"என் பிள்ளைங்க மேல சத்தியம்!"

பிள்ளை மேல் சத்தியம் செய்த பிறகு என்ன பேசுவது? கோழிகள் வந்துவிட்டன.

சடைச்சி முள்ளைக் கவ்வி இழுத்து வந்து பட்டி வளைத்தது. வற்றின குட்டையில் துள்ளிய மீனைப் பிடித்தது. உப்பில் புரட்டி வெயிலில் காயவைத்து, யாரோ போட்டுவிட்டுப் போன பானையில் அடுக்கியது. புதுக் குடித்தனக்காரிக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமையோடு கவலையும் வந்தது. விடிந்தால் பட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். நாக்கைத் தொங்கப் போட்டபடி கோழிகளையே பார்க்கும். "போட்டாச்சா? இன்னும் இல்லையா?" நடுவில் எழுந்துபோய்ப் பானையைத் திறக்கும். மூக்கை விட்டு மோந்து பார்க்கும். "கெட்டுப் போகலையே?" என்று ஒரு நக்கு நக்கிவிட்டு மூடும்.

நாள் போனது. முட்டை மட்டும் வரவில்லை. கோழிகள் தீனி எடுக்காமல் இளைத்தன. ஒருநாள் பானையைத் திறந்தால் குப்பென்று நாற்றம். கருவாடெல்லாம் பூஞ்சை. அடியில் புழு நெளிந்தது.

கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. "அம்மா, பசிக்குது!" என்று குட்டிகள் காலைச் சுற்றின. சடைச்சியின் கண் பட்டிப் பக்கம் போனது. முட்டை போடாத கோழி இருந்தென்ன, போயென்ன? பிள்ளைகளுக்கு ஒரு வேளையாவது ஆகுமே!

முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனது. தங்கச்சிக் கோழி மூலையில் ஒண்டியது. கொண்டையம்மா தங்கச்சியை மறைத்துக்கொண்டு முன்னால் நின்றது.

"அடிக்கிறதுன்னா அடி, அக்கா. ஒரு வார்த்தை கேட்டுட்டு அடி. நான் முட்டை போட உட்கார்ந்தா நீ நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு என்னையே பார்க்கிறே. நீ பார்க்கிற பார்வையில முட்டை உள்ளேயே ஒட்டிக்குது!"

"நான் காவல்தானேடி காத்தேன்!"

"காவக்காரி வெளியே பார்ப்பா. நீ உள்ளே பார்த்தே."

கொண்டையம்மா அதோடு விடவில்லை.

"கருவாடும் அப்படித்தான். உப்புப் போட்ட பண்டத்துல ஈரம் படலாமா? தினமும் ஈர மூக்கை விட்டே, ஈர நாக்கால நக்கினே. அந்த ஈரம்தான் புழுவை வான்னு கூப்பிட்டுச்சு!"

சடைச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டது. "போன மழையில ஒரு பிள்ளையை விட்டவடி நான். இருக்கா, இருக்கான்னு பார்க்காம இருக்க முடியல."

கொண்டையம்மா அதன் கிட்டே வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னது. "நானும் பிள்ளைகளை உடும்புக்குக் குடுத்தவதான், அக்கா. நீ பார்க்கலைன்னா நாங்க எங்கேயும் ஓடிட மாட்டோம்."

சடைச்சி எழுந்து வெளியே போனது. விலக்கின முள்ளைத் திரும்ப இழுத்து அடைத்தது.

வந்த மேகம் அன்றைக்குக் கலைந்துபோனது; இன்னும் சில நாள் வெயில் மிச்சம் இருந்தது. மறுபடி மீன் பிடித்தது. மறுபடி உப்பில் புரட்டிக் காயவைத்தது. பானையை மேட்டில் வைத்து, வாயைக் களிமண்ணால் பூசி அடைத்தது.

"ஒரே ஒரு தடவை திறந்து பார்க்கலாம்மா!" என்றது பெரிய குட்டி.

"கூடாது! பசிச்சா பனம்பழம் விழுந்து கிடக்கு, அதைத் தின்னு."

பிறகு பட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. அம்மாடி, அது லேசுப்பட்ட காரியமா! முதுகெல்லாம் குறுகுறுத்தது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. முன்னங்காலை மண்ணில் அழுத்தி அடக்கிக்கொண்டது.

"என்ன சடைச்சி, கோழியோட சண்டையா?" என்றது காக்கை.

"காவல் காக்கிறேன். போய் உன் வேலையைப் பாரு!"

வெளியே பார்த்து உட்கார்ந்த பிறகுதான், புதரில் பதுங்கியிருந்த உடும்பு கண்ணில் பட்டது. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது! ஒரே பாய்ச்சல். உடும்பு ஓடின ஓட்டத்தில் வால்கூடத் தெரியவில்லை.

தீனி எடுக்கத் தொடங்கிய கோழிகள் தேறின. ஒருநாள் மேகம் உறுமியபோது, முதுகுக்குப் பின்னால் "கொக் கொக் கொக்!" என்று கொக்கரிப்பு. சடைச்சியின் காது திரும்பியது. தலை திரும்பவில்லை.

"இப்போ திரும்பலாம், அக்கா!"

திரும்பியது. சருகு மேல் சூடு ஆறாத ஒரு முட்டை.

சடைச்சி வாயை முட்டையருகே கொண்டுபோய், நிறுத்திக்கொண்டது. மூக்கால் மெல்லக் கொண்டையம்மா பக்கம் தள்ளியது. "பாதி எனக்கு, பாதி உனக்குன்னுதானே பேச்சு? முதல் பாதி உன்னோடது. அடைக்கு வெச்சுக்கோ."

அந்த அடைமழை முழுக்க நரிக்குட்டிகள் கருவாடும் முட்டையும் தின்று தூங்கின. பட்டிக்குள் கோழிக்குஞ்சும் கத்தியது.

நாம் வளர்ப்பதையும் சேர்த்து வைப்பதையும் அடுத்தவர் கையிலிருந்து காப்பதற்கு முன்னால், பசித்துத் தவிக்கும் நம் கண்ணிலிருந்து காக்க வேண்டும்.