ஆடியில் ஏற்றிய பாரம்

"அம்மா, வண்டி வந்து வாசல்ல நிக்குதுங்க. ஆனா வந்த சத்தமே கேக்கலை. எனக்கு ஒண்ணும் சரியாப் படலீங்க" என்றார் சென்னியப்பன்.

"கரண்டு வண்டி அப்படித்தான் வரும்" என்றாள் மயிலாத்தா.

"சத்தமில்லாம வர்றது எதுவா இருந்தாலும், எதையாச்சும் தூக்கிட்டுப் போகத்தானுங்க வரும்."

"ஆமாங்கண்ணா. சாமான் தூக்கிட்டுப் போகத்தான் வரச் சொன்னேன்."

சென்னியப்பன் வாயை மூடிக்கொண்டார். ஆனால் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அவர் கண் என்றைக்குமே மூடினதில்லை.

தனியார் பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருந்தவர் அவர். தூங்குகிறவன் யார், தூங்குகிற மாதிரி நடிக்கிறவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தப் புத்தி வேலையோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அது சாயங்காலம் அவரோடு சேர்ந்து வீட்டுக்கும் வந்தது. பால்காரன் தண்ணீர் கலக்கிறான். மச்சினன் எதற்கோ அடிபோடுகிறான். பெண்டாட்டி தெய்வானை அந்த மச்சினனுக்கு மறைத்து மறைத்துக் கொடுக்கிறாள். அவர் கணக்கில் யோக்கியன் என்று ஒருத்தன் இந்த ஈரோடு ஜில்லாவிலேயே கிடையாது.

வேலையை விட்ட வருஷம், மலையில் ஒரு அம்மா இருக்கிறாள், போய்ப் பார்த்தால் மனசு ஆறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்தார். மயிலாத்தா ஓட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். வந்தவர்களை உட்காரச் சொல்வாள். கேட்டால் ஒரு வார்த்தை பதில் சொல்வாள். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள்.

செக்கர் ஒரு மாசம் உற்றுப் பார்த்தார். குற்றம் ஒன்றும் அகப்படவில்லை.

அன்றைக்கு அவர் அழுதார். உலகத்தில் சந்தேகப்படத் தேவையில்லாத ஒரு ஆள் இருக்கிறார் என்பதே அவருக்குத் தாங்கவில்லை. பக்கத்து அறையில் படுக்கையைப் போட்டவர்தான், ஆறு வருஷம் ஆகிறது, எழுந்து போகவில்லை.

சும்மாவும் இருக்கவில்லை. அவ்வப்போது கீழே போய்த் தன் வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அம்மாவுக்குக் காணிக்கை வைத்தார். முதலில் கிரைண்டர். பிறகு மேசை ஃபேன். பிறகு தெய்வானையின் சீர்ப் பித்தளை அண்டா. கடைசியாகத் தேக்குக் கட்டில். ஒவ்வொரு தடவையும் தெய்வானை கதவோரம் நின்று பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. வாய் திறக்காததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்று வாரமாகத்தான் அவருக்கு ஒன்றும் சரிப்படவில்லை.

கோபியிலிருந்து ஒரு மில்லுக்காரர் காரில் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவோடு பேசினார். மறுவாரமும் வந்தார். செக்கர் கதவுக்கு இந்தப்பக்கம் நின்று காதைக் கொடுத்தார். உள்ளே மில்லுக்காரர் அழுவது மட்டும் கேட்டது. அழுது காரியம் சாதிக்கிறவர்களை அவர் பஸ்ஸில் நிறையப் பார்த்திருக்கிறார்.

கதவு திறந்தது.

"என்ன செக்கரண்ணா, அவரு டிக்கெட் எடுத்திருக்காரான்னு பாக்கறீங்களா?" என்றாள் மயிலாத்தா.

வெட்கமாகப் போயிற்று. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் வைக்கிற பழம் எத்தனை வந்தது, யார் கொண்டுவந்தது, யாருக்குப் போனது என்று மனசு தானாகவே பார்க்க ஆரம்பித்துவிட்டது.

நேற்று அவள் சொன்னாள்: "நாளைக்கு சாமானையெல்லாம் கீழ எறக்கி வீடு மாத்திப்போடலாம்ண்ணா. மில்லுக்காரரு வண்டி தர்றேன்னு சொல்லியிருக்காரு."

மில்லுக்காரர் வண்டி. செக்கருக்கு மூக்கில் வேர்த்தது.

"எங்கீங்கம்மா போறோம்?"

"கோபிக்கு."

"ஆடி பொறந்து அஞ்சு நாள்தானுங்க ஆச்சு. ஆடியில யாராச்சும் குடி போவாங்களா?"

"புது வீட்டுக்குக் குடி போறவங்கதான் ஆடி பாக்கோணும்."

ஓகோ, அப்படியானால் மில்லுக்காரரின் பழைய பங்களாவாக இருக்கும் என்று செக்கர் முடிவு பண்ணினார். எரிந்தது. மலையில் ஓட்டு வீட்டில் இருந்தவளைப் பங்களாவில் உட்கார வைத்துக் கும்பல் சேர்த்து உண்டியல் வைக்கப் போகிறான். அவளும் சரி என்று தலையாட்டியிருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

உண்மையில் அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். இந்த ஒரு ஆளும் பொய் என்றால், அப்புறம் அவருக்கு யார் மிச்சம்?

வண்டி ஓட்டி வந்தவன் பெயர் மாதேஸ். முப்பது வயசு இருக்கும். வண்டியின் பின்பலகையைத் திறந்து சாமானை ஒவ்வொன்றாகத் தூக்கினான். செக்கர் கூடவே நின்று பார்த்தார்.

பார்க்கப் பார்க்க அவருக்குத் தலை சுற்றியது.

கிரைண்டர் கல்லில் மாவு பட்ட அடையாளமே இல்லை. ஃபேன் அவர் கட்டிக் கொடுத்த அதே சாக்கில் அப்படியே இருந்தது. கட்டிலின் மேல் பழைய சேலை ஒன்று போர்த்தியிருந்தது, ஒருநாள்கூட யாரும் படுக்கவில்லை.

"அம்மா, இதையெல்லாம் நீங்க புழங்கவே இல்லீங்களா?"

"இல்லீங்கண்ணா."

"ஏனுங்க?"

"கெட்டுப்போகக் கூடாதில்லீங்களா?"

கெட்டுப்போகாமல் வைத்திருந்தால்தானே நல்ல விலைக்குப் போகும். சென்னியப்பன் அண்டாவைத் தானே தூக்கி வண்டியில் வைத்தார்.

அவளுடைய பாய், மண்பானை, முறம் எல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடந்தன. மாதேஸ் அதைத் தொடவில்லை. புதுசாக மில்லுக்காரர் வாங்கிக் கொடுத்திருப்பார், பழசு எதற்கு என்று செக்கர் நினைத்துக்கொண்டார்.

"உங்க பொட்டியும் படுக்கையும் ஏத்தியாச்சுங்களா?" என்றாள் மயிலாத்தா.

"என்ற பொட்டி எதுக்குங்க?"

"சாமானோட ஆளு போக வேண்டாமா?"

சரிதான், காவலுக்கு ஒரு நாய் வேண்டுமே. படுக்கையைப் பின்னால் ஏற்றி, பெட்டியை முன் சீட்டுக் காலடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க பின்னால வாரீங்களா?"

"நீங்க முன்னால போங்கண்ணா" என்றாள் அவள். சொல்லிவிட்டு ஒரு வினாடி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

வண்டி நகர்ந்தது. அதுவும் சத்தமில்லாமல்.

செக்கர் மாதேஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னால் இருந்த கண்ணாடித் திரையில் இருபத்தி ரெண்டு என்று எழுதியிருந்தது.

"அதென்னப்பா இருபத்தி ரெண்டு?"

"சார்ஜுங்க. நூத்துக்கு இருபத்தி ரெண்டு இருக்குது."

"அதை வெச்சுட்டு கோபி வரைக்கும் போயிருவியா? நடுக்காட்டுல நிறுத்தி, இன்னொரு வண்டிக்கு மாத்தறேன்னு சாமானைக் கைமாத்தற யோசனையா?"

மாதேஸ் சிரித்தான். "எறங்கறதுதானுங்க. போதும்."

கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன. மாதேஸ் பிரேக்கை அதிகம் மிதிக்கவில்லை. வண்டி தானாகவே பிடித்துப் பிடித்து இறங்கியது. செக்கர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி மலை இறங்கியதும் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"ஏம்ப்பா, இருபத்தி நாலு காட்டுது?"

"ஆமாங்க."

"ஓடினா குறையுமா, ஏறுமா?"

"எறக்கத்துல ஏறுமுங்க. சக்கரமே கரண்டு எடுத்துக்கும்."

"யாருகிட்ட கதை உடறே? நான் எத்தனை மீட்டர் பாத்தவன் தெரியுமா? இது திருத்தி வெச்ச மீட்டரு."

"காலி வண்டியா இருந்தா இத்தனை ஏறாதுங்க. பாரம் இருக்கற வாசி ஏறுது."

பாரம் ஏற்றினால் தெம்பு கூடுமாம். இப்படி ஒரு புளுகை அவர் சர்வீஸிலேயே கேட்டதில்லை. ஆனால் அடிவாரத்துக்கு வந்தபோது திரையில் இருபத்தி ஆறு இருந்தது. செக்கர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சமவெளி வந்தது. வாய்க்கால், தென்னந்தோப்பு, செங்கல் சூளை.

"எந்த இடம்னு உனக்குத் தெரியுமா?"

"அம்மா போன்ல லொக்கேசன் போட்டு உட்டிருக்குதுங்க. அது காட்டற பக்கம் போறேன்."

"எங்கிட்டக் காட்டு."

"ஓட்டறப்ப போனைக் கையில குடுக்க முடியாதுங்க."

பார்த்தீர்களா, மறைக்கிறான். செக்கர் காலை இறுக்கி ஊன்றிக்கொண்டார்.

மில்லுக்காரரின் பங்களா மெயின் ரோட்டிலேயே இருந்தது. பெரிய கேட். செக்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வண்டி அதைத் தாண்டிப் போயிற்று.

அப்படியானால் விற்கத்தான். பழைய சாமான் வாங்கும் கடைகள் வரிசையாக இருக்கும் சந்து அடுத்தது. வண்டி அதையும் தாண்டிப் போயிற்று.

பஸ் ஸ்டாண்டு. மார்க்கெட். மாரியம்மன் கோயில் முக்கு. வண்டி இடது பக்கம் திரும்பியது.

செக்கர் திடுக்கிட்டார். அது அவர் தெரு.

அம்மா எங்கள் தெருவிலேயே வீடு பார்த்திருக்கிறாளா? ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துகூடப் போயிற்று. அடுத்த நிமிஷமே உதைப்பு எடுத்தது. அவர் வீட்டைத் தாண்டித்தானே போகவேண்டும். தெய்வானை வாசலில் நின்றால்? வண்டி மேல் அவள் அண்டாவும் அவள் கட்டிலும் ஊர்வலம் போவதைப் பார்த்தால்?

சட்டென்று குனிந்து தலையை முழங்காலுக்கு நடுவில் புதைத்துக்கொண்டார். அறுபதை நெருங்குகிற மனுஷர். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைத்த கதைதான்.

"வந்துருச்சுங்க" என்றான் மாதேஸ்.

"எந்த வீடு?"

"நீங்களே பாருங்களேன்."

மெல்லத் தலையைத் தூக்கினார். அவர் வீட்டுப் பச்சை கேட். கேட்டுக்கு அந்தப்பக்கம் தெய்வானை. முன்தலை நரைத்திருந்தது. கட்டிலை எடுத்துப்போன அன்றைக்கு இந்த நரை இல்லை.

அவள் அவரைப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போனாள். மாதேஸ் கட்டிலை இறக்கினான். அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். கிரைண்டர் போயிற்று. ஃபேன் போயிற்று. அண்டாவை மட்டும் அவளே இடுப்பில் வைத்து உள்ளே எடுத்துப்போனாள்.

செக்கர் இடத்தை விட்டு அசையவில்லை. இறங்கலாமா, இந்த வண்டியிலேயே திரும்பிப் போய் அந்தப் பொம்பளையைப் பார்த்து நாலு வார்த்தை கேட்கலாமா என்று தெரியவில்லை. ஆனால் என்னவென்று கேட்பது? எல்லாச் சாமானும் சரியாக இருந்தது.

தெய்வானை திரும்பி வந்து ஜன்னல் ஓரம் நின்றாள்.

அவருக்குத் தோன்றியது ஒன்றுதான். அதையே கேட்டார்.

"நீயும் அந்தம்மாவும் கூட்டா?"

"ஆமாங்க."

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"எத்தனை நாளா?"

"நீங்க கிரைண்டரைத் தூக்கிட்டுப் போன மறுவாரமே போன் பண்ணுச்சு. சாமான் பத்திரமா இருக்குது, எப்பக் கேட்டாலும் அனுப்பிப்போடறேன்னுச்சு."

"அப்பறம் ஏன்புள்ள இத்தனை வருசமா கேக்கலை? தரையில படுத்துட்டு."

"சாமான் மட்டும் வந்து நான் என்ன பண்றது? ஆளையும் சேத்து அனுப்புங்கன்னு சொன்னேன். அது என்ற கையில இல்லைன்னுருச்சு."

செக்கருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் அந்தப் பாழாய்ப்போன புத்தி விடுமா?

"அப்பறம் இப்ப மட்டும் அது எப்படி அந்தம்மா கைக்கு வந்துச்சு?"

தெய்வானை அவர் காலடியில் இருந்த பெட்டியை ஜன்னல் வழியாக வாங்கிக் கீழே வைத்தாள்.

"நானும் அதையேதான் கேட்டேன்" என்றாள். "'ஊருல எல்லாத்தையும் சந்தேகப்பட்டுப்போட்டு, என்னைய மட்டும் உட்டு வெச்சிருந்தாரு. மூணு வாரமா என்னையும் சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டாருங்க. இனி அவருக்கு நீங்களும் நானும் ஒண்ணுதான். அந்தச் சந்தேகத்தை வூட்லயே உக்காந்து படட்டும்'னு சொல்லுச்சு."