முதுகு காட்டிய நாரைகள்

முன்னொரு காலத்திலே கொன்றையாற்று நாட்டைப் பரிதிச்செல்வன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் யாரைப் புகழ்வார், மாலையில் யாரைத் துரத்துவார் என்பது அவர் தலையிலிருந்த கிரீடத்துக்கே தெரியாது.

அந்த நாட்டில் புதுவெள்ளம் வந்ததும் ராஜா ஆற்றங்கரையில் நின்று நாரைகளுக்குக் கூடை நிறைய மீன் படைப்பார். அவை தின்ற பிறகுதான் மடை திறப்பார்கள். அந்தச் சடங்கை அரண்மனை மண்டபத்தின் ஒரு சுவரில் வரையச் செண்பகவடிவு என்ற சித்திரக்காரியை அமர்த்தினார்கள். மூன்று வெள்ளம் ஆற்றங்கரையிலேயே கிடந்து பார்த்தவள். வாயைத் திறக்கத்தான் கூச்சம்.

படம் முடிந்த அன்று அதன்மேல் போட்டிருந்த திரை விலகியது. ராஜா முகம் மலர்ந்தது. தன் மச்சினனுக்கு அந்த வேலை கிடைக்கவில்லையே என்று பொருமிக்கொண்டிருந்த அரண்மனை அதிகாரி தில்லைராயர் கனைத்தார்.

"பிரபு, அத்தனை நாரையும் தங்களுக்கு முதுகைக் காட்டுகின்றனவே! 'உன் படையல் வேண்டாம்' என்கிற மாதிரி அல்லவா இருக்கிறது?"

மலர்ந்த முகம் சுருங்கியது. "ஏ பெண்ணே, என்ன திமிர்! சரியான காரணம் சொல். இல்லாவிட்டால் இனி உன் கை தூரிகையைத் தொடக்கூடாது!"

தூரிகை இல்லாமல் வடிவு யார்? சுவரைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டாள்:

"மகாராஜா, படத்தில் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது?"

"என் பக்கமாக."

"ஆற்றுக் காற்று தங்கள் முகத்தில் அடிக்கிறது. நாரை காற்றைப் பார்த்துத்தான் நிற்கும். திரும்பி நின்றால் இறகெல்லாம் கலைந்துபோகும்."

"காற்றாவது கீற்றாவது! ராஜாவைவிடக் காற்று பெரிதோ?" என்றார் ராயர்.

"அப்படியானால் ஐயாவே அவற்றைத் திருப்பி நிறுத்திக் காட்டட்டுமே."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "எடு பல்லக்கை!"

ஆற்றங்கரையில் காற்று எதிரே வந்து அறைந்தது. நாரைகள் முதுகைக் காட்டி நின்றன. ராயர் வேட்டியை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

"ச்சூ, ச்சூ! மகாராஜாவைப் பாருங்கள்!"

பறந்தன, வட்டமடித்தன, மறுபடியும் அதே பக்கம் பார்த்து இறங்கின. மூன்று முறை விரட்டினார். மூன்று முறையும் அப்படியே. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவமானம் தாங்காமல் ராயர் திரும்பி, "பிரபு..." என்று கைகூப்பிக் குனிந்தார். பின்னாலிருந்து வந்த காற்று அவர் மேலாடையைத் தூக்கித் தலையில் போர்த்தியது. கண் தெரியாமல் ஓர் அடி வைத்தார். தொப்!

"வடிவு, மண்டபத்தின் மற்ற மூன்று சுவரும் உனக்குத்தான்" என்றார் ராஜா. பிறகு சேற்றைப் பார்த்தார்.

"ராயரே, இங்கே இறங்கியவர்களில் என் முகத்தைப் பார்த்து நின்றது நீர் ஒருவர்தாம். விழுந்ததும் நீர் ஒருவர்தாம்!"