ஏழாவது கல்

"பொய் யாரைச் சேரும்? கையெழுத்துப் போட்டவனையா, போடச் சொன்னவனையா?"

மூச்சு வாங்கி முடிக்கும் முன்பே பூதலிங்கம் கேட்டுவிட்டார்.

மாடத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்லு எங்க சார்?"

"என்ன கல்லு?"

"கீழ குமிச்சுக் கெடக்குல்லா. அதுல ஒண்ணு தூக்கிட்டு வரணும். ஒரு கல்லுக்கு ஒரு கேள்வி. சொல்லி அனுப்பலையா?"

கொத்தனார்கள் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். எஞ்சினியருக்கும் அதே சட்டமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

திரும்பி இறங்கினார்.

*

அது பாதிக் குன்று. மறுபாதியை ஜல்லிக்கு உடைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். குவாரியை மூடிய பிறகு, வெட்டுப்பட்ட பக்கத்தில் ஒரு விளிம்பு மிஞ்சியது. அந்த விளிம்பில்தான் மாடத்தி இருந்தாள்.

நாற்பது வயதுக்காரி. பதினெட்டு வருடம் கட்டிடங்களில் சித்தாளாகக் கல்லும் மண்ணும் சுமந்தவள். ஒரு நாள் மூன்றாவது மாடித் தளம் முட்டுகளோடு சரிந்தது. அப்போது அவள் தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். குடத்தோடு திரும்பி வந்தாள். அதன் பிறகு எந்தக் கட்டிடத்துக்குள்ளும் போனதில்லை.

சுற்றுவட்டாரக் கொத்தனார்கள் தளம் போடுவதற்கு முந்தின நாள் அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். என்ன சொன்னாள் என்று கேட்டால் சிரிப்பார்கள். சிலர் திரும்பி வந்து வேலையை நிறுத்தியதும் உண்டு.

பூதலிங்கத்துக்கு ஐம்பத்தைந்து வயது. முப்பது வருடமாகக் கட்டுமானக் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாடு. அவர் கையெழுத்து இல்லாமல் கம்பெனியின் எந்தக் கட்டிடத்துக்கும் ரிப்பன் வெட்டியதில்லை. கம்பெனிக் காரில் வந்தால் டிரைவர் சொல்லிவிடுவான் என்று பஸ்ஸில் வந்திருந்தார்.

கீழே குவிந்து கிடந்தவை கான்கிரீட் கட்டிகள். கட்டிடத்துக்குக் கான்கிரீட் ஊற்றும்போது, அதே கலவையில் சாணுக்கும் குறைவான அகலத்தில் ஆறு கட்டி வார்த்து வைப்பார்கள். தண்ணீரில் ஊறப்போட்டு, நாள் கணக்கு முடிந்ததும் எந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். கட்டி தாங்கினால் கட்டிடம் தாங்கும் என்று அர்த்தம். நசுக்கி முடித்ததை டவுனிலிருந்து லாரியில் கொண்டுவந்து இங்கே தட்டிவிடுவார்கள்.

அநேகமாக எல்லாம் உடைந்தவை. பூதலிங்கம் தேடினார். மேலாக, உடையாமல் ஒன்று கிடந்தது. ஓரம் மழுங்காதது. முகம் வழுவழுவென்று இருந்தது. அவர் எடுத்தால் அப்படிப்பட்டதைத்தான் எடுப்பார்.

எட்டு கிலோ. நிறுக்காமலே தெரியும்.

தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். முழங்கால் வலித்தது.

*

"உட்காருங்க. எதுல போட்ட கையெழுத்து?"

"ஆஸ்பத்திரிம்மா. புதுசா ஒரு பிரசவ வார்டு. நாலு மாடி. ரெண்டாம் மாடித் தூணுக்குக் கலவை கொண்டுவந்த லாரி ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டுது. நாலு மணி நேரம். வந்து சேர்றப்போ உள்ளயே இறுக ஆரம்பிச்சிருச்சு. டிரைவர் குழாயைத் தொறந்து தண்ணி விட்டான்."

"நீங்க?"

"பார்த்துக்கிட்டு நின்னேன்."

"திருப்பி அனுப்பலை."

"மேனேஜர் ஊத்துங்கன்னாரு. வேற லாரி வர மறுநாள் ஆகும். ஆளும் கிடையாது. ஒடிசாப் பையன்கள்ல பாதிப் பேரு ஓட்டுப் போட ஊருக்குப் போயிருந்தாங்க."

"ம்."

"நம்ம ஊர்ல மட்டும்னு நினைக்காதீங்க. என்கூடப் படிச்சவன் ஒருத்தன் துபாய்ல இருக்கான், இன்னொருத்தன் லண்டன்ல. போன் பண்ணினா அவனுங்களும் இதே பாட்டுதான். வேலை தெரிஞ்ச ஆள் இல்ல. மணல் இல்ல. கம்பி வாரத்துக்கு ஒரு விலை விக்குது. முடிக்கிற தேதி மட்டும் மாறாது. உலகம் பூரா இப்படித்தாம்மா கட்டுது."

"உலகத்துக்கா கேக்க வந்தீங்க?"

அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரு கல்லுதான தூக்கியாந்தீங்க. உலகத்துக்குக் கேக்கணும்னா லாரியில வரணும்."

பூதலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"அந்தத் தூணு இப்பம் எப்படி இருக்கு?"

"பூசி, பெயிண்ட் அடிச்சாச்சு. ரோஸ் கலர்."

"அப்பம் யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"அதான் உங்ககிட்டக் கேட்டு வாங்கியிருக்காங்க. தெரியாதவன் கையெழுத்தை வச்சு என்ன பண்ண?"

மாடத்தி கல்லை எடுத்தாள். பெண்கள் பூசணிக்காயை எடைபார்ப்பது போல இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தாள்.

"நல்ல கல்லு. என்னமோ கீறியிருக்கு. எனக்குப் படிக்க வராது. வாசிங்க."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

வேலையின் பெயர். ரெண்டாம் மாடி, தூண். மே பதினேழு. அதற்குக் கீழே, ஈரத்திலேயே ஆணியால் கீறி, கடைசியில் ஒரு கொக்கி போட்டு முடித்த சின்னக் கையெழுத்து.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

"என்ன சார்?"

"இது எங்க கல்லு. அந்த லாரி வந்த அன்னைக்கு வார்த்தது. கையெழுத்து என்னுது."

"உடைக்கலையே?"

"உடைக்க ஆறு போதும். பால்துரை எப்பவும் ஏழு போடுவான். ஒண்ணு கைதவறி விழுந்தாலும் எண்ணிக்கை குறையக்கூடாதுன்னு."

"அது யாரு பால்துரை?"

"இந்தக் கட்டி வார்க்கிறதுக்குன்னே வச்சிருக்கிற மேஸ்திரி. மாவட்டத்துல அவனை அடிச்சுக்க ஆள் கிடையாது. இத்தனை வருஷத்துல அவன் கல்லு ஒண்ணுகூடத் தோத்ததில்லைம்மா. மணலை ரெண்டு தடவை சலிப்பான். தண்ணியை டம்ளர்ல அளப்பான். புதுச் சிமெண்ட் மூட்டையை உடைச்சுத் தனியா ஒரு கலவை..."

நிறுத்தினார்.

"தனியாவா?"

கீழே குவாரிப் பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"லாரியில இருந்து எடுக்கலையா?"

"அதுல எடுத்தா தாங்காதும்மா."

முப்பது வருடமாக எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான். இன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்தது.

"அப்பம் உங்க கையெழுத்து பொய்யில்ல சார்" என்றாள் மாடத்தி. "இந்தக் கல்லுக்கு அது சரிதான்."

கல்லைப் பாறையில் வைத்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, நாலாக மடித்து அதன் மேல் விரித்தாள். சுருக்கம் இல்லாமல் தடவிவிட்டாள். நாலு மூலையையும் இழுத்துச் சரிசெய்தாள்.

"எத்தனை கட்டிலு?"

"நூத்தி இருபது."

மாடத்தி சற்றுத் தள்ளி நின்றுகொண்டாள், யாரோ வந்து படுக்க இடம் விடுவது போல.

பூதலிங்கம் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கைக்குழந்தையின் தலை வைக்கக்கூட அது போதாது.

"கையெழுத்து எப்பம் கொடுத்தீங்க?"

"இன்னைக்குக் காலையில."

"தொறப்பு?"

"நாளைக்குப் பத்து மணிக்கு. பதினோரு மணிக்குப் பழைய வார்டுல இருக்கிறவங்களைக் கொண்டுவந்துருவாங்க."

"ம்."

"நான் வாயைத் தொறந்தா இந்த ஒண்ணோட நிக்காதும்மா. முப்பது வருஷத்துல நாப்பத்தொரு கட்டிடம். பள்ளிக்கூடம் இருக்கு. கல்யாண மண்டபம் இருக்கு. எல்லாத்துக்கும் பால்துரைதான் கல்லு வார்த்தான்."

மாடத்தி திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு சுவர் இருந்தது. வந்தவர்கள் தூக்கிவந்த உடையாத கல்லையெல்லாம் சாந்து இல்லாமல் அடுக்கி எழுப்பியது. மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு நின்றது. மேலே வானம்.

"கூரை போடலையா?" என்றார், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"சுவரைப் பத்திப் பயமில்ல. கல்லு ஒவ்வொண்ணும் இரும்பு. கூரை போட்டுத் தாறதுக்குத்தான் நம்பி யாரைக் கூப்பிட?"

சுவரின் அருகில் போய் விரலால் தடவிக்கொண்டே நடந்தாள். இங்கே, இங்கே, இங்கே என்று தொட்டாள்.

"கடைசியில கொக்கி போட்ட கல்லு எனக்கு நெறைய வந்திருக்கு சார்."

*

பூதலிங்கம் எழுந்தார். துண்டை எடுத்து மடித்து அவளிடம் கொடுத்தார். கல்லைத் தூக்கிக்கொண்டு சுவரில் இடம் பார்த்தார்.

"அங்க வைக்க வேண்டாம்" என்றாள் மாடத்தி.

"வர்றவங்க வச்சிட்டுப் போறது வழக்கம்னு சொன்னாங்களே."

"நீங்க எடுத்திட்டுப் போங்க."

"எங்க கொண்டுபோக?"

"அந்தத் தூணுகிட்ட. பூச்சைக் கொஞ்சம் கொத்திவிட்டுட்டு, ரெண்டையும் ஒரே சுத்தியலால தட்டுங்க."

"நாளைக்கு எல்லாரும் இருப்பாங்களே."

"இருந்தா நல்லதுதான. ரெண்டு சத்தமும் எல்லாருக்கும் கேக்கும்."

அவர் கல்லைத் தோளில் ஏற்றினார்.

"அஞ்சரைக்குக் கடைசி பஸ்ஸு சார்" என்று சொல்லிவிட்டு அவள் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

*

இறங்கும்போது கல் ஏறும்போதைவிடக் கனத்தது. எட்டு கிலோதான். அவருக்குத் தெரியும்.

அடிவாரத்தில் குவியல் கிடந்தது. அதன் பக்கத்தில் நின்றார். இங்கே போட்டுவிட்டால் ஆயிரத்தில் ஒன்று. எழுத்து இருக்கிற முகத்தைக் கவிழ்த்துப் போட்டால் அதுவும் தெரியாது. மேலே அண்ணாந்து பார்த்தார். விளிம்பில் யாரும் இல்லை.

பாக்கெட்டில் போன் அடித்தது. மேனேஜர். அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது.

பஸ் வந்து நின்றது.

கல்லை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். கண்டக்டர் வந்தார்.

"எங்க சார்?"

"ஆஸ்பத்திரி ஸ்டாப்."

"நாளைக்குப் புது வார்டு தொறக்காங்கல்லா. இது என்ன, அடிக்கல்லா? தொறக்க அன்னைக்கு அடிக்கல்லு கொண்டுபோற ஆளை இப்பத்தான் பாக்கேன்."

முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

"கல்லுக்கும் லக்கேஜ் போடணும் சார். எதுவரைக்கும் போட? உங்ககூடவே வருதா, இல்ல வழியில எங்கயும் எறக்கிருவீங்களா?"

பூதலிங்கம் குவியலைத் திரும்பிப் பார்த்தார். பஸ் நகர்ந்தது.

"ஆஸ்பத்திரி வரைக்கும் போடுங்க."