யாரும் படிக்கக் கூடாத விதி

வெள்ள நிவாரணப் பணத்தை அமைச்சர் ஏகாம்பரமே விதி போட்டுச் செலவழிக்கலாம். ஆனால் அந்த விதியை உறுப்பினர்கள் பார்வைக்குச் சட்டசபை மேசையில் வைத்தாக வேண்டும்.

அவர் சபை ஊழியர் செண்பகவல்லியைக் கூப்பிட்டார். "இதை மேசையில வை. ஆனா ஒரு உறுப்பினரும் படிக்கக் கூடாது. படிச்சா உன் வேலை போயிடும்."

தற்காலிக வேலைதான்; அதுவும் போனால் என்ன செய்வது? அவள் விதியை மேசையில் வைத்து மேலே ஒரு சீட்டு ஒட்டினாள்: "இதை உறுப்பினர்கள் யாரும் படிக்கக் கூடாது. அமைச்சர் உத்தரவு."

மதியத்துக்குள் சபையே படித்துவிட்டது. நிவாரணப் பணத்தில் அமைச்சருக்கு மலைமேல் மாளிகை என்றிருந்தது. விதி ரத்தானது.

அவளை வேலையைவிட்டு நீக்கச் சொல்லி அமைச்சர் சபாநாயகரிடம் சீறினார்.

"ஐயா சொன்னதை அப்படியே எழுதி வெச்சேன்," என்றாள் செண்பகவல்லி. "அவங்கதான் கேக்கலை."

சபாநாயகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளை வேலையைப் பார்க்க அனுப்பினார்.