ஒற்றை ஆணியின் ஆட்சி

முன்னொரு காலத்தில், அதாவது போன ஐப்பசிக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு வாடகை வீட்டின் மாடி போர்ஷனில் ஒரே ஒரு ஆணி இருந்தது.

ஹால், படுக்கையறை, சமையலறை என்று மொத்தம் பன்னிரண்டு சுவர்கள். ஆணி மட்டும் ஒன்றுதான். வாடகை ஒப்பந்தத்தின் ஏழாவது நிபந்தனைதான் அதற்குக் காரணம்: சுவரில் புதிதாக ஆணி அடிக்கக் கூடாது. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்களே, அப்படி அந்த ஆணி ராஜா ஆகிவிட்டது.

தினசரிக் காலண்டர், இரண்டு சாவிக்கொத்து, ஒரு குடை, ஒரு மஞ்சள் பை, ஒரு காய்ந்த மாலை எல்லாம் அதன்மேல்தான் தொங்கின. அந்த மாலை எந்தப் படத்திலிருந்து வந்தது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

"இந்த வீடே என் கழுத்துலதான் தொங்குது" என்று ஆணி நாளுக்கு நான்கு தடவை சொல்லும். காலண்டர் ஆமாம் போடும். தினமும் ஒரு தாளை இழந்தும் அது ஆமாம் போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அங்கே குடியிருந்த தமயந்திக்கு ஒருநாள் மரவேலை ஆசை வந்தது. புதிதாகப் பழகுபவர்கள் வீட்டிலேயே பத்து நிமிடத்தில் சுவர்த்தட்டு செய்யலாம் என்று கைப்பேசியில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவளும் நம்பி, ஒரு பலகை, ரம்பம், சுத்தியல், உப்புத்தாள், இரண்டு புது ஆணி எல்லாம் வாங்கி வந்தாள். அந்தப் பத்து நிமிடம் ஏழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

முதல் ஞாயிறே பலகை அரை அங்குலம் குறைந்துவிட்டது. உடனே பஞ்சாயத்து.

"நான் சரியாத்தான் கோடு போட்டேன்" என்றது பென்சில்.

"கோட்டுக்கு எந்தப் பக்கம் அறுக்கணும்னு சொன்னியா நீ?" என்றது ரம்பம்.

"என்னைத் தலைகீழாப் பிடிச்சு அளந்தாங்களே, அதை யாராவது கேட்டீங்களா?" என்றது அளவு டேப்.

சுத்தியல் மட்டும் வாயே திறக்கவில்லை. அது அப்போதுதான் தமயந்தியின் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டு வந்திருந்தது.

ஏழாவது ஞாயிறு தட்டு பிறந்தது. இரண்டடி நீளம், பின்னால் மாட்டுவதற்கு இரண்டு வளையம், ஒரு முனை லேசாகக் கோணல். தமயந்தி அதை மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். அவள் தன் கையால் செய்த முதல் மரச்சாமான் அதுதான். சந்தோஷத்தில் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. எங்க மாட்டப் போற?" என்றான் அவள் கணவன் கோதண்டம்.

அப்போதுதான் அவளுக்கு ஏழாவது நிபந்தனை ஞாபகம் வந்தது.

"ஏழு வாரமா இது தோணலையா உனக்கு?"

"உங்களுக்கு மட்டும் தோணிச்சாக்கும்?"

"சரி சரி. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு வழி பண்ணு. போக வரக் கால்ல இடிக்குது. இல்லேன்னா மொட்டைமாடிக்குக் கொண்டு போயிடுவேன்."

மொட்டைமாடி என்றதும் தட்டுக்குப் பாதி உயிர் போயிற்று. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க அங்கே தூக்கிப்போனபோது அது எல்லாவற்றையும் பார்த்திருந்தது. மழையில் ஊறி வெடித்த முக்காலி ஒன்றும் ஒரு கை இல்லாத நாற்காலி ஒன்றும் அங்கே கிடந்தன. ஒன்றுக்கும் பேச்சு இல்லை.

சுவரில் சாய்ந்து கிடந்த தட்டு மேலே பார்த்துக் கெஞ்சியது. "அண்ணே, உங்க பக்கத்துல ரெண்டு ஆணிக்கு இடம் குடுத்தா நான் பொழச்சுக்குவேன்."

"ரெண்டா? இந்த வீட்டுக்கு நான் ஒருத்தன் போதாதா?" என்றது ஆணி.

"போதும்ணே. ஆனா எனக்கு ரெண்டு வளையம் இருக்கே."

"ஒண்ணைக் கழட்டிடு."

பெட்டிக்குள் இருந்த இரண்டு புது ஆணிகளும் "நாங்க ரெடி! நாங்க ரெடி!" என்று குதித்தன.

"பொடிப்பசங்களா, பேசாம படுங்க. மழையில நனைஞ்ச குடை என்ன கனம் கனக்கும்னு தெரியுமா உங்களுக்கு?" என்று அதட்டிய ஆணி, பீரோவைப் பார்த்து, "ஐயா, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க" என்றது.

பீரோவுக்குள்ளிருந்து ஒப்பந்தப் பத்திரம் தொண்டையைச் செருமியது. "மேற்படி சுவரில் மேற்படி ஆணி நீங்கலாக வேறு யாதொரு ஆணியும் மேற்படி குடியிருப்பவராலோ அவர்தம் வாரிசுகளாலோ அடிக்கப்படலாகாது" என்று மூச்சுவிடாமல் சொன்னது. பிறகு மூச்சு விட்டுக்கொண்டு மறுபடியும் "மேற்படி" என்று ஆரம்பித்தது. யாரும் கேட்கவில்லை.

கடைசியில் தட்டு சுவரிடமே கேட்டது. "அடி வாங்கப் போறது நீங்கதானே, நீங்க என்ன சொல்றீங்க?"

சுவர் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போல, "ம்ம்… உம்ம்…" என்றது. அதற்குமேல் ஒன்றும் விளங்கவில்லை.

ஞாயிறு வந்தது. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கோதண்டம் தட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தான். தமயந்திக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் மறித்தாள்.

"குடுங்க இப்படி. வீட்டைக் காலி பண்ணச் சொன்னா பண்ணிக்கலாம்."

"ஒரு பலகைக்காகவா?"

"நான் செஞ்ச பலகைக்காக."

அவள் சுத்தியலை எடுத்தாள். புது ஆணிகளில் மூத்தது கண்ணை இறுக மூடிக்கொண்டது. ஒரே அடிதான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியது போல அது உள்ளே போய், அதே வேகத்தில் வெளியே வந்து விழுந்தது.

"அக்கா, இது சுவரே இல்லக்கா!" என்று கத்தியது.

ஓட்டையிலிருந்து வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. தமயந்தி முகர்ந்து பார்த்தாள். கிராம்பு வாசனை. நான்கு விரற்கடை தள்ளி அடித்தாள். அங்கேயும் கிராம்பு.

"ஏங்க, டூத்பேஸ்ட்டுங்க இது! ஓட்டையில அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. நமக்கு முன்னாடியே யாரோ இங்க ஆணி அடிச்சிருக்காங்க!"

"அப்பாடா" என்றது சுவர். அது வாய் திறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது.

மூன்றாவது இடத்தில் நல்ல செங்கல் கிடைத்தது. புது ஆணிகள் இரண்டும் விறைப்பாக நின்றன. ஆனால் அதற்குள் சத்தம் கீழே போய்விட்டது. வீட்டுக்காரர் ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறி வந்தார்.

"என்னம்மா சத்தம்? ஆணியா அடிச்சீங்க?"

பத்திரம் பீரோவுக்குள் "மேற்படி! மேற்படி!" என்று எம்பிக் குதித்தது. கோதண்டம் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். தமயந்தி கீழே உதிர்ந்த வெள்ளைத் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

ஏகாம்பரம் முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். கோபமாக வந்த மனிதரின் முகத்தில் வெட்கம் வந்தது.

"கல்யாணமான புதுசுல நானும் என் சம்சாரமும் இந்த மாடியிலதாம்மா இருந்தோம்" என்றார் குரலைத் தாழ்த்தி. "ஆணி அடிச்சா எங்கப்பா தோலை உரிச்சிடுவாரு. அந்த ஏழாவது நிபந்தனையே எனக்காக அவரு போட்டதுதான். இவ தெனம் ஒரு படம் மாட்டச் சொல்லுவா. அப்பா படியேறி வர்ற சத்தம் கேட்டா, நான் படத்தை எடுத்து, ஆணியப் பிடுங்கி, டூத்பேஸ்ட்டை வெச்சு அப்பிடுவேன். மாசம் மூணு டியூப் ஆச்சு. ஏன்டா இப்படிப் பல்லு வெளக்குறேன்னு கேப்பாரு."

"அப்ப இதை மாட்டிக்கலாங்களா?"

"தாராளமா மாட்டும்மா. அப்பா போயே இருபது வருஷம் ஆச்சு. நான்தான் பழக்கத்துல இன்னும் பயந்துட்டிருக்கேன்."

பத்திரம் "மேற்…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டது.

அவரே ஒரு பக்கம் பிடிக்க, தட்டு சுவரில் ஏறியது. தமயந்தி அதன்மேல் ஒரு டம்ளரை வைத்துப் பார்த்தாள். டம்ளர் ஒரு விரற்கடை நகர்ந்து, யோசித்து, நின்றது.

"கொஞ்சம் கோணலா இருக்கே" என்றார் ஏகாம்பரம்.

"நானே செஞ்சதுங்க."

"அப்ப சரி."

தட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. தமயந்திக்கும் தைரியம் வந்துவிட்டது. பக்கத்தில் காலண்டர் தொங்கிய இடத்தைக் காட்டி, "எல்லாத்தையும் பிடுங்கினீங்க, இந்த ஒரு ஆணிய மட்டும் ஏன் சார் விட்டு வெச்சீங்க?" என்று கேட்டாள்.

சாவிக்கொத்துகள் ஆடுவதை நிறுத்தின. காலண்டர் ஆமாம் போடத் தயாரானது. ஆணி கழுத்தை நீட்டிக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தது.

"நான் எங்கம்மா விட்டு வெச்சேன்?" என்றார் ஏகாம்பரம். "எவ்வளவோ இழுத்துப் பார்த்தேன். பிடுங்க வரல."